உவர்நீர் ஆராய்ச்சிக்கு உரிய கரை

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுக் கற்பிட்டியை நோக்கித் திரும்புகின்ற பாதை, வலப்புறம் புத்தளக் களப்பையும் இடப்புறம் இந்து சமுத்திரத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பின்மீது நெடுந்தூரம் ஓடுகின்றது. அப்பாதையில் அமைந்த நுரைச்சோலை என்னும் ஊரை இலங்கையில் அறியாதார் இல்லை. ஆயினும் அவ்வூரின் பெயர் தேசத்தின் வாயில் அடிபடுவது மின்சாரத்தின் பொருட்டேயன்றித் தண்ணீரின் பொருட்டு அன்று. சீனக் கடனுதவியுடன் 2006இல் கட்டத் தொடங்கப்பெற்று, 2011 மார்ச்சில் முதல் அலகும் 2014இல் ஏனைய இரண்டும் இயங்கலான லக்விஜய அனல்மின் நிலையம், ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுள்ள மூன்று அலகுகளைக் கொண்டு நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அளித்துவருகின்றது. அந்நிலையம் பழுதுற்றால் மாத்தறையிலும் மட்டக்களப்பிலும் விளக்கு அணைகின்றது. மறுநாட் பத்திரிகையில் நுரைச்சோலை பெரிய எழுத்தில் வருகின்றது. அதே ஊரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கிணற்று நீர் கெட்டுவருகின்ற செய்தியோ விஞ்ஞானச் சஞ்சிகைகளைத் தாண்டி அதிகம் வெளியே வந்ததில்லை.

கடல்நீரையும் உவர்நீரையும் நன்னீராக்கும் கலையை ஆராய்வதற்கென ஒரு சர்வகலாசாலை நடுவம் இந்நாட்டில் அமைவது பற்றிப் பேசத்தக்க காலம் வந்துவிட்டது. அத்தகைய நடுவம் எங்கே அமைய வேண்டும் என்பதும், அது முதலில் எதை ஆராய வேண்டும் என்பதும் வெவ்வேறு கேள்விகள்போலத் தோன்றினும் உண்மையில் அவை ஒரே கேள்வி என்பதும், அக்கேள்விக்கு இந்த மணற்கரையிலேயே விடை இருக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கற்பிட்டித் தீபகற்பத்தில் ஆறு இல்லை. பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றை நம்பி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் அளவில் அங்கே பெய்யும் மழை, மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கடல்நீரைவிட நன்னீர் நாற்பதில் ஒரு பங்கு இலேசானது. ஆதலின் கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரைக்கும் நன்னீர் நிற்கக்கூடும் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தராகிய கைபென் என்பவரும் 1901இல் ஜேர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கணித்துக் காட்டினர். அக்கணக்கின் மறுபக்கமே நமக்குக் கவலை தருவது. மிதமிஞ்சிய இறைப்பினால் மேலே நீர்மட்டம் ஒரு சாண் இறங்குமாயின், கீழேயிருந்து உவர் நாற்பது சாண் ஏறுவதற்கு வழி பிறக்கின்றது. ஒருமுறை ஏறிய உவர், ஒரு மாரியின் மழையால் இறங்கிவிடுவதுமில்லை.

இந்த மணலிலேதான் வெங்காயமும் மிளகாயும் கறிமிளகாயும் பீற்றூட்டும் உருளைக்கிழங்கும் செழித்து விளைந்து கொழும்புச் சந்தைக்குப் போகின்றன. மணல் நீரைத் தாங்காதாகையால் தோட்டக்காரர் நாள்தோறும் இறைக்க வேண்டியிருக்கின்றது. உரத்தையும் அது தாங்காதாகையால் அதனையும் மேன்மேலும் இட வேண்டியிருக்கின்றது. பயிர் உண்டது போக எஞ்சிய உரம் நீரோடு கீழே இறங்கி, ஆழமற்ற அதே கிணற்றை அடைந்து, மறுநாள் இறைப்பில் மீண்டும் பாத்திக்கு வந்து, வெயிலில் நீர் ஆவியாக ஆகத் தான் மட்டும் மிஞ்சி, மறுபடியும் கிணற்றுக்கே திரும்புகின்றது. 1980களில் லோரன்ஸ், குருப்புஆராச்சி முதலிய ஆய்வாளர் இத்தீபகற்பத்தின் தோட்டக் கிணறுகளைப் பரிசோதித்து, செறிவாகப் பயிர் செய்யப்படும் நிலத்தடியில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையைக் கடந்துவிட்டதென எச்சரித்தனர். பின்வந்த ஆய்வுகளும் அதனையே வற்புறுத்தின. உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதனை மீறிய நீரைப் புட்டிப்பாலில் கலந்து பருகும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும் என்பது வைத்திய நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் செய்தி. உப்புக் கரிப்பை நாக்கு சொல்லிவிடும். நைத்திரேற்றைப் பற்றி நாக்குக்கு ஒன்றுமே தெரியாது. இதனால், "எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர்" என்று ஒரு வீட்டார் மனப்பூர்வமாகச் சொல்லும் நீர் நல்ல தண்ணீராக இல்லாதிருக்க இடமுண்டு.

இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டிருந்த மணல்மீது 1990 ஒக்டோபரில் இன்னொரு பாரம் ஏறிற்று. வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர்; கற்பிட்டி, நுரைச்சோலை, ஆலங்குடா முதலிய இடங்களில் ஓலைக் குடிசைகள் எழுந்து, பின்னர் அவை நிரந்தரக் குடியிருப்புகளாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தங்கள் கிணற்றைத் திறந்துவிட்ட பூர்வீகக் குடிகளின் பெருந்தன்மை எத்துணை பாராட்டினும் தகும். எனினும் கிணறும் மலகூடக் குழியும் ஒரே மணலில் சில அடி இடைவெளியில் அமைந்தால் விளைவது யாது என்பதைப் பெருந்தன்மையால் மாற்றிவிட முடியாது.

ஆகவே நுரைச்சோலையில் நீர்ப் பஞ்சம் என்பது நீர் இல்லாமை அன்று. மேற்கே முப்பத்தைந்தாயிரம் மில்லிகிராம் உப்பைத் தன் ஒவ்வொரு லீற்றரிலும் கரைத்துவைத்திருக்கும் கடல். கிழக்கே, வறட்சிக் காலத்தில் அக்கடலினும் கரிப்பேறிவிடும் களப்பு. காலடியில், சிறிது உவரும் பெரிதும் நைத்திரேற்றும் கலந்த கிணற்று நீர். இவற்றோடு மின்நிலையம் குளிர்ச்சிக்காகக் கடலிலிருந்து வாங்கி, உஷ்ணமேற்றித் திருப்பிவிடும் நீர். ஒரே ஊரில், சில மைல் வட்டத்துக்குள், நான்கு விதமான பயன்படா நீர்கள் ஒருங்கே கிடைக்கும் இடத்தை ஆய்வாளன் வேறெங்கே தேடிக் கண்டுபிடிப்பான்?

உவர்நீர் ஆராய்ச்சியின் சரித்திரத்தில் சர்வகலாசாலைக்கு உள்ள பங்கு சாமானியமானதன்று. அமெரிக்கப் பேரவை 1952இல் உவர்நீர்ச் சட்டத்தை இயற்றி அதற்கென ஒரு காரியாலயத்துக்கும் வழிவகுத்தபோது, விஞ்ஞானிகளின் கவனம் பெரும்பாலும் காய்ச்சி வடிப்பதிலேயே நின்றது. லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலோ, சிட்னி லோப் என்னும் அமெரிக்கரும், திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமத்தைத் தாங்கிய ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்னும் இந்தியரும், செலுலோசு அசற்றேற்றாலான மென்சவ்வுகளை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தனர். நீர் தானாகவே உப்புச் செறிந்த பக்கத்துக்குப் பாய்வதைப் பிரசாரணம் என்று நம் பாடசாலை நூல்கள் கூறும். உப்புச் செறிந்த பக்கத்தில் போதிய அமுக்கத்தைக் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் ஓடி, உப்பு பின்தங்கிவிடும். கொள்கை எளிது, ஆனால் அக்காலத்து மென்சவ்வுகளில் நீர் சொட்டுச் சொட்டாகவே கசிந்தது. சந்தையில் வாங்கிய மென்சவ்வை நீரிலிட்டுச் சூடாக்கிப் பார்த்தபோது, அதன் ஒரு முகத்தை உவர்நீர்ப் பக்கம் வைத்தால் உப்பு தடைப்படுவதையும், மறுமுகத்தை வைத்தால் தடைப்படாததையும் அவ்விருவரும் கண்டனர். இரு முகமும் ஒன்றல்ல என்ற அந்தச் சிறு வியப்பிலிருந்தே, மெல்லிய அடர்ந்த தோலும் அதன்கீழ் நுண்டுளைகள் மிக்க தாங்குபடையும் கொண்ட மென்சவ்வைத் தாமே வார்க்கும் முறை 1960 அளவில் பிறந்தது. இன்று உலகத்தில் இயங்கும் நன்னீராக்கும் ஆலைகளிற் பெரும்பாலானவை அந்த வம்சத்தில் வந்தவை.

அப்பல்கலைக்கழகத்தார் தம் கண்டுபிடிப்பை முதன்முதலில் எங்கே கொண்டுபோய் வைத்தனர் என்பது நம் விஷயத்துக்கு இன்னும் முக்கியமானது. லொஸ் ஏஞ்சல்சிலிருந்து பசிபிக் கடல் கூப்பிடு தூரந்தான். அவர்களோ கடலை விட்டு உள்நாட்டில், நல்ல குடிநீரைப் புகையிரதத்தில் தருவித்துப் பழகியிருந்த கோலிங்கா என்னும் சிறு எண்ணெய் நகரத்துக்குப் போனார்கள். லீற்றருக்கு ஏறத்தாழ 2,500 மில்லிகிராம் உப்புக் கொண்ட நிலத்தடி நீரை, நாளொன்றுக்குச் சுமார் 5,000 கலன் அளவில் நன்னீராக்கும் ஆலை 1965இல் அங்கே இயங்கத் தொடங்கியது. கடல்நீரின் பிரசாரண அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 27 மடங்கு. ஆலையில் அதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட அமுக்கம் வேண்டும். கிணற்று உவருக்கோ அதிற் சிறு பகுதி போதும். அறிவாளிகள் எளிய நீரிலே தொடங்கிக் கடினமான நீருக்குப் போனார்கள். புதிதாக இத்துறையில் இறங்கும் நாடுகள் பெரும்பாலும் தலைகீழாகவே செய்கின்றன.

பாரத தேசத்தில் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. குஜராத்தின் பாவநகரில் 1954 ஏப்பிரலில் பிரதமர் நேரு திறந்துவைத்த மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம், பெயருக்கு ஏற்ப உப்பு விளைவிப்பதை ஆராயவே பிறந்தது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிப்பவன் நீரையும் அறிந்தவனாகின்றான் என்ற நியாயத்தால், அந்நிலையம் காலப்போக்கில் மென்சவ்வுகளிலும், மின்சாரத்தால் உப்பைப் பிரிக்கும் மின்கூறுபிரிப்பு முறையிலும் இந்தியாவின் முதன்மையான ஆய்விடங்களுள் ஒன்றாயிற்று. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார், அணுமின் நிலையத்தின் நீராவியைக் கொண்டு காய்ச்சி வடிக்கும் முறையையும் மென்சவ்வு முறையையும் ஒருங்கிணைத்து, நாளொன்றுக்கு 6,300 கனமீற்றர் தரவல்ல ஆலையை அமைத்தனர். சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2005இல் இலட்சத்தீவுகளின் கவரத்தியில், கடலின் மேற்பரப்பு நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள உஷ்ண வேறுபாட்டை மட்டும் பயன்படுத்தி நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லீற்றர் நன்னீர் எடுத்தனர். மேற்பரப்பு நீரை வெற்றிடமான அறைக்குள் விட்டால் அதில் ஒரு சிறு பகுதி தணிந்த உஷ்ணத்திலேயே ஆவியாகும், அவ்வாவியை ஆழ்நீரால் குளிர்வித்தால் நன்னீராகும்.

அவர்களே 2009இல் செய்த மற்றொரு பரிசோதனையை நுரைச்சோலையார் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வார்கள். வடசென்னை அனல்மின் நிலையம் கடலுக்குத் திருப்பிவிடும் சூடேறிய நீருக்கும் இயல்பான கடல்நீருக்கும் இடையே உள்ள ஏறத்தாழ எட்டு அல்லது பத்துப் பாகை வேறுபாட்டைக் கொண்டே அங்கு நன்னீர் எடுத்துக் காட்டினர். நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் உஷ்ணத்தில் ஏறத்தாழ பாதி, எந்த அனல்மின் நிலையத்திலும், மின்சாரமாகாமல் குளிர்நீரோடு போய்விடுகின்றது. நுரைச்சோலையில் அது இந்து சமுத்திரத்துக்குள் போகின்றது. வடசென்னையில் கிடைத்த நீரின் அளவு சிறிதே என்பதையும் மறைக்கலாகாது; பத்துப் பாகை வேறுபாட்டில் ஆவியாகும் நீர், உள்ளே விட்ட நீரில் நூற்றில் ஒரு பங்கு அளவினதுதான். ஆயினும் அந்த உஷ்ணத்துக்கு இன்னொரு பிரயோசனம் உண்டு. மென்சவ்வு ஆலைக்கு விடும் நீர் ஒவ்வொரு பாகை சூடேறும்போதும் மென்சவ்வினூடு செல்லும் நீரோட்டம் நூற்றுக்கு மூன்று வீதம் அளவில் கூடுகின்றது. உப்பும் சற்றுக் கூடுதலாகக் கசிகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே எந்த நிலையில் இலாபம் என்பதை நுரைச்சோலை நீரை வைத்தே கண்டறிய வேண்டும். புளோரிடாவின் கணக்கு இங்கே உதவாது.

புளோரிடா என்றதும் தம்பா விரிகுடா நினைவுக்கு வருகின்றது. அங்கே பிக் பெண்ட் அனல்மின் நிலையத்தின் அருகில், அதன் குளிர்நீரையே மூலநீராகக் கொண்டு, நாளொன்றுக்கு 95,000 கனமீற்றர் நன்னீர் தரத் திட்டமிட்ட ஆலை 2003இல் இயங்கத் தொடங்கிற்று. கழிவு உவரை மின்நிலையத்தின் பெருவெள்ளத்தில் எழுபது மடங்குவரை கரைத்துவிடும் ஏற்பாடு மிகச் சிறந்ததே. ஆனால் குழாய்களில் ஆசியப் பச்சைச் சிப்பிகள் ஒட்டி வளர்ந்தன; மூலநீரை முன்கூட்டித் தெளிவிக்கும் பகுதி போதாமையால் மென்சவ்வுகள் மாதக்கணக்கில் அடைபட்டன; ஒப்பந்தக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வங்குரோத்தாயின; ஆலை செவ்வையாக இயங்க மேலும் சில ஆண்டுகள் சென்றன. உலகத்திலேயே மிகுந்த பணமும் நிபுணத்துவமும் உள்ள தேசத்தில், ஒரு சிப்பியை முன்கூட்டி அறியாமையால் விளைந்த நட்டம் இது. இயந்திரத்தை எந்த நாட்டிலும் விலைக்கு வாங்கலாம். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் கற்பிட்டிக் கடல் எவ்வளவு கலங்குகின்றது, எந்த மாதத்தில் எந்தப் பாசி பெருகுகின்றது, குழாயில் எது ஒட்டுகின்றது என்பவற்றை, அந்தக் கரையிலேயே பல ஆண்டு உட்கார்ந்து குறித்துவைத்தவரிடமிருந்தன்றி வேறெங்கும் பெற முடியாது.

இலங்கையின் நிலை என்ன? யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுசெல்ல ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் வகுக்கப்பெற்ற திட்டம், தம் வயல்களின் நீர் குறைந்துவிடும் எனக் கிளிநொச்சி விவசாயிகள் எழுப்பிய நியாயமான ஆட்சேபத்தால் உருமாறி, ஈற்றில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையாக முடிந்தது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரவல்ல அவ்வாலை 2024 ஆகஸ்ட் 2ஆந் திகதி திறந்துவைக்கப்பெற்றது. மறுபுறம், சிறுநீரக நோய் பரவிய வறண்ட வலயக் கிராமங்களில் இலங்கைக் கடற்படையினர் தாமே பொருத்திய நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் கிணற்று நீரை வடித்துக் கொடுத்துவருகின்றன. சீருடையணிந்தவர் செய்த காரியங்களிலே இது போற்றத்தக்க ஒன்று. பேராதனையில் சீன உதவியுடன் நீர்த்தொழில்நுட்பத்துக்கான கூட்டு ஆராய்ச்சி நடுவமும் அமைந்துள்ளது. ஆனால் பேராதனை மகாவலி தழுவி ஓடும் ஊர். நன்னீர்க் கரையில் இருந்துகொண்டு உவர்நீரை ஆராய்வது முடியாத காரியமன்று. மாதிரிகளைப் புட்டியில் எடுத்துச் சென்று பகுப்பாய்வு செய்யலாம். மென்சவ்வு நாளடைவில் எப்படி மூப்படைகின்றது என்பதைப் புட்டியில் எடுத்துச் செல்ல முடியாது.

மின்சாரச் செலவு பெரிது என்பதே நன்னீராக்கும் முறைமீது வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்சேபம். கடல்நீரிற் பாதியை நன்னீராகப் பிரிக்க இயற்கை விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச சக்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாற்று மணி. இக்காலத்து நல்ல ஆலைகள் மூன்று முதல் நான்கு வரை செலவிடுகின்றன. தாளையடி அளவிலான ஓர் ஆலைக்கு நான்கு என்றே கொண்டாலும், இடையறாது வேண்டும் வலு நான்கு மெகாவாற்று. அது நுரைச்சோலையின் 900 மெகாவாற்றில் இருநூறில் ஒரு பங்கும் இல்லை. கிணற்று உவருக்கு இதிலும் மிகக் குறைவாகவே செலவாகும். அண்மையிலுள்ள மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளும் சுழல்கின்றன. காற்று விட்டுவிட்டு வீசும். மென்சவ்வோ சீரான அமுக்கத்தை விரும்பும். இரண்டையும் இணைத்துவைப்பது எப்படி என்பது உலகெங்கும் இன்னும் முற்றாகத் தீராத பிரச்சினை. மின்சார வலையமைப்பை மட்டும் நம்புவதிலுள்ள அபாயத்தை 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாமெல்லாம் பார்த்தோம்: பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என அமைச்சர் சொன்னார், நாடு இருண்டது, நுரைச்சோலை அலகுகள் தாமே நின்று, மீளவும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் சென்றன. இலங்கையை ஒரு வானரம் இடரில் ஆழ்த்துவது இதிகாச காலத்துக்குப் பின் இதுவே முதன்முறை போலும். தண்ணீரை அப்படி ஒரே நூலில் தொங்கவிடலாகாது.

மின்சாரத்தைவிடக் கடினமானது கழிவு உவர். 2019இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீர் ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்த கணக்கின்படி, உலகெங்கும் இயங்கிய 15,906 ஆலைகள் நாளொன்றுக்கு 95 மில்லியன் கனமீற்றர் நன்னீரைத் தந்து, 142 மில்லியன் கனமீற்றர் கழிவு உவரையும் விட்டன. நுரைச்சோலையின் கடல் அதை அலட்சியமாக வாங்கிக்கொள்ளும் கடல் அன்று. வடக்கே 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட பவளப்பாறைத் தொடர் இருக்கின்றது, கரைநெடுக மீனவர் வாடிகள் இருக்கின்றன, தலவில புனித அன்னம்மாளின் திருவிழாவுக்கு வரும் பல்லாயிரம் யாத்திரிகரும் கால் நனைப்பது இக்கடலிலேதான். ஆனால் இதே பிரதேசம் நெடுங்காலமாக உப்பு விளைவிக்கும் பிரதேசமுமாகும். பாலாவியிலிருந்து கற்பிட்டிவரை உள்ள உப்பளங்களில், களப்பு நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்குக் கடத்தி வெயிலில் செறிவேற்றுவதே வேலையின் பெரும்பகுதி. ஏற்கெனவே ஏறத்தாழ இருமடங்கு செறிந்த கழிவு உவரை அவர்களிடம் கொடுத்தால், அந்த வேலையில் ஏறத்தாழ பாதி முடிந்த நீரையே அவர்கள் பெறுவர். பருவம் தப்பிய மழையால் உள்நாட்டு உப்பு விளைச்சல் குன்றி, சுற்றிவரக் கடல் சூழ்ந்த நாடு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்த பின்னர், இந்த யோசனைக்கு அதிக வாதாட்டம் தேவையில்லை.

உற்சாகத்துக்கு ஓர் அளவும் வேண்டும். தாளையடி அளவிலான ஆலை நாளொன்றுக்கு 36,000 கனமீற்றர் உவரைக் கழிக்கும் என்று கொண்டு, உப்பளத்தில் நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் ஆவியாகும் எனக் கணக்கிட்டால், அத்தனையையும் காய்ச்ச ஏழு சதுர கிலோமீற்றருக்கு மேல் நிலம் வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடவாது. ஆயிரம் கனமீற்றர் தரும் சிற்றாலைக்கோ முப்பது ஹெக்டேயர் போதும். ஆகவே உப்பளத்தோடு இணைந்த ஆலைகள் சிறியனவாகவும் பலவாகவும் இருத்தல் வேண்டும் என்ற முடிவு கணக்கிலிருந்தே எழுகின்றது. ஆலையில் படிவைத் தடுக்கச் சேர்க்கும் இரசாயனங்கள் உண்ணும் உப்பில் எவ்வளவு தங்கும் என்பதையும் ஆராயாமல் அவ்வுவரை ஒருவர் பாத்தியிலும் விடலாகாது. உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் மிகுந்திருக்கின்றது. அதையும் வீணாக்காமல் பிரிக்கலாம். சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்து, நாட்டின் குடிநீர்க் குழாய்களுக்கு மருந்தளித்தது. போர்க்காலத்தில் அது நின்றுபோயிற்று. உப்பும் நீரும் இரசாயனமும் ஒரே குடும்பம் என்பதை நம் முன்னோர் அறியாதவரல்லர்.

இனி, நடுவத்தின் உருவம். வடமேல் மாகாணத்துக்கு 1999 முதல் குளியாப்பிட்டியில் வயம்ப பல்கலைக்கழகம் இருக்கின்றது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது. இவ்விரண்டும் கூட்டாக நுரைச்சோலையில் ஒரு களநிலையத்தை நிறுவுவதே தகுதி என்பது என் அபிப்பிராயம். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் மின்சார சபையும் அதிற் பங்காளிகளாக வேண்டும், எசமானராக அன்று. மஸ்கற்றில் 1996இல் பல நாடுகள் சேர்ந்து நிறுவிய மத்திய கிழக்கு நன்னீராக்கல் ஆராய்ச்சி நடுவம், பகைவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் ஆற்றல் தண்ணீருக்கு உண்டு என்பதைக் காட்டியிருக்கின்றது. தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் ஒரே கிணற்றில் இறைக்கும் இத்தீபகற்பத்தில் அதைக் காட்டுவது இன்னும் எளிது. ஆய்வின் முடிவுகள் ஆங்கிலச் சஞ்சிகையில் வருமுன் தோட்டக்காரர் வாசிக்கக்கூடிய தமிழிலும் சிங்களத்திலும் வந்தாக வேண்டும் என்பதை நடுவத்தின் விதிகளிலேயே எழுதிவைத்தல் நன்று.

நம் நாட்டில் நடுவங்கள் நோயுறும் விதமும் நாம் அறியாததன்று. கட்டடத்துக்கு அந்நியப் பணம் வரும், கல்வெட்டில் மந்திரியின் பெயர் வரும், நிரந்தர ஆளணிக்கு மட்டும் திறைசேரி அனுமதி வாராது. மூன்றாண்டில் திட்டம் முடிய, மென்சவ்வுகள் பெட்டிக்குள்ளேயே உலர்ந்துபோகும். ஆகையால் நுரைச்சோலையில் முதலில் வேண்டுவது கட்டடம் அன்று. நியமனம் பெற்ற இரண்டு ஆய்வாளரும், நான்கு தொழில்நுட்பவியலாளரும், கொள்கலத்தில் அடங்கும் ஒரு சிற்றாலையும் போதும். கிராமத்து வாலிபரையும் யுவதிகளையும் தொழில்நுட்பவியலாளராகப் பயிற்றுவித்தல் தருமத்தின்பாற்பட்டது மட்டுமன்று; நள்ளிரவில் பம்பி நின்றால் குளியாப்பிட்டியிலிருந்து ஒருவர் வந்து சேரும்வரை ஆலை காத்திராது. அனல்மின் நிலையமும் சிரஞ்சீவியன்று. நிலக்கரியின் காலம் குறுகிவருகின்றது. ஆதலின் மின்நிலையத்து உஷ்ணத்தை ஆராய்ச்சிக்குரிய ஒரு பொருளாகக் கொள்ளலாமேயன்றி, நடுவத்தின் உயிர்நாடியாகக் கொள்ளலாகாது.

எளிய நீரிலே தொடங்குவதே அறிவாகையால், முதல் ஆராய்ச்சி கிணற்றிலே தொடங்க வேண்டும்; அது எவ்வாறு எனச் சொல்லி முடிக்கின்றேன். தீபகற்பத்தின் கிணறுகளிற் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் மின்கடத்துதிறனையும் நைத்திரேற்றையும் நீர்மட்டத்தையும் அளந்து, எவரும் பார்க்கத்தக்க பதிவேடாகப் பல்லாண்டு காலம் வைத்திருப்பது முதற்கடமை. பேர் புகழ் தராத இவ்வேலையை ஒரு சர்வகலாசாலை செய்யாவிட்டால் வேறெவரும் செய்யார். அடுத்து, கிணற்று நீரை மென்சவ்வில் வடித்து நான்கில் மூன்று பங்கை நன்னீராக எடுத்தால், எஞ்சும் ஒரு பங்கில் நைத்திரேற்று ஏறத்தாழ நான்கு மடங்கு செறிந்து நிற்கும். அதை மணலில் ஊற்றினால் அதே கிணற்றுக்கு அதே விஷத்தைத் திருப்பிக் கொடுத்ததாகும். இன்று வீடுகளிலும் கடைகளிலும் இயங்கும் சிறு வடிகட்டிகள் அதையே செய்கின்றன. ஆனால் அந்த நைத்திரேற்று, தோட்டக்காரர் யூரியாவாகக் காசு கொடுத்து வாங்கி இழந்த உரமேயாகும். உடன் இருக்கும் சோடியத்தையும் குளோரைட்டையும் நீக்கி அதை மட்டும் பிரித்தெடுத்து வெங்காயப் பாத்திக்கு மீட்டுக் கொடுக்க முடியுமாயின், கிணறும் தெளியும், உரச் செலவும் குறையும். நைத்திரேற்றும் குளோரைட்டும் ஒரே அளவு மின்னேற்றம் உடையனவாகையால் சாதாரண மென்சவ்வு அவற்றை வேறுபடுத்தி அறிவதில்லை. மின்கூறுபிரிப்பில் பயன்படும் சில விசேட மென்சவ்வுகள் ஓரளவு அறிகின்றன. பாவநகரத்தாருக்கு இவ்வித்தை புதிதன்று. அங்கே இரண்டு மாணவரை அனுப்பிக் கற்பித்து, மென்சவ்வை நுரைச்சோலைக் கிணற்று நீரிலே ஒரு போகம் முழுவதும் ஓட்டிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, மின்நிலையத்துக்கு வந்திறங்கும் ஒரு கப்பல் நிலக்கரியின் விலையில் மிகச் சிறு பின்னமாகவே இருக்கும்.